மாமியின் தாச்சியும் என் நெஞ்சும்

கல்யாணம் முடித்துக் கல்முனைக்கு வந்த நாளிலிருந்து நான் சாப்பிட்டு வந்தது மாமியின் சமையலைத்தான். எங்கள் பக்கத்து ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பது வழக்கம். நான் அக்கரைப்பற்றுக்காரன். ஒரு சூட்கேஸ் உடுப்போடும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளோடும் இந்த வீட்டுக்கு வந்தேன். பிறகு சந்தைக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை ஒன்று போட்டேன். மனைவி ஆரம்பப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். காலையில் நாங்கள் இரண்டு பேரும் வெளியே போய்விட்டால் வீடு மாமியின் பொறுப்பு. சமைக்கிற குசினி எந்த நேரமும் அவருடைய பொறுப்புத்தான். மாமா, மாமியின் கணவர், நான் இங்கே வருவதற்கு முன்பே மௌத்தாகி அடக்கமாகிவிட்டார்.

மாமி என்னோடு நேரே கதைப்பது குறைவு. அது கோபமோ வெறுப்போ அல்ல. மருமகனுக்குக் கொடுக்கும் மரியாதை என்று அந்தக் காலத்துப் பெண்கள் பழகியிருந்தார்கள். நான் சாப்பாட்டு மேசையில் இருப்பேன். குசினி வாசலில் தொங்கும் சீலைக்குப் பின்னால் மாமி நிற்பார்.

"புள்ள, அவருக்கு இன்னொரு துண்டு மீன் வைங்க."

"போதும் எண்டு சொல்லுங்க" என்று நான் மனைவியிடம் சொல்வேன்.

"போதாதாம் உம்மா" என்று அவள் சிரித்துக்கொண்டே மாற்றிச் சொல்வாள். இன்னொரு துண்டு வரும்.

மாமி வாயால் கதைக்காததை எல்லாம் பீங்கானில் வைத்தார். காலையில் ரொட்டிக்கு மாஜரின் தடவி, அதன் மேல் சீனி தூவித் தருவார். பகலில் தேங்காய் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த பாரை மீன். எண்ணெய் மேலே மிதக்கும் மாட்டிறைச்சிக் கறி. வெள்ளிக்கிழமை என்றால் நெய்ச்சோறு. எருமைப் பாலில் வீட்டிலேயே உருக்கிய நெய்யைப் போத்தலில் நிரப்பி எனக்கென்று தனியாக வைத்திருப்பார். இறைச்சியில் கொழுப்புத் துண்டு வந்தால் அது என் பீங்கானுக்குத்தான் வரும். எங்கள் பிள்ளைகள் கேட்டாலும் கொடுக்கமாட்டார். "வாப்பாவுக்கு வைக்கணும்" என்பார். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மெலிந்து கிடந்த நான், இரண்டு மூன்று வருடத்தில் என் உம்மாவே வாசலில் நின்று ஒரு கணம் தயங்கிப் பார்க்கும் அளவுக்கு மாறிப்போனேன். என் உம்மாவுக்கு அதில் பெரிய சந்தோசம். மகனை நன்றாகப் பார்க்கிறார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இப்படியே இருபது வருடத்துக்கு மேல் போனது.

அன்றைக்கு ஒரு சாதாரண வேலை நாள். முதல் நாள் சாய்ந்தமருதில் ஒரு கல்யாணச் சாப்பாடு. காலையில் கடை திறந்ததிலிருந்து நெஞ்சில் ஏதோ பாரம் வைத்தது போல இருந்தது. இறைச்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் போன் கடை வைத்திருக்கும் கூட்டாளி இஞ்சி போட்ட பிளேன்டீ வாங்கித் தந்தார். "கேஸ்தான் மச்சான், ஏவறை வந்தாப் போயிடும்" என்றார். ஏப்பமும் வந்தது. பாரம் போகவில்லை.

பகல் வீட்டுக்கு வந்தேன். மனைவி பாடசாலையில் இருந்தாள். பிள்ளைகளும் இல்லை. மாமி மேசையில் சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மீன் பொரியலின் வாசம் வந்தபோது, எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாக அது பிடிக்காமல் போனது. சோற்றில் கை வைத்தபடி இருந்தேன். மின்விசிறி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்க, நெற்றியில் இருந்து வேர்வை பீங்கானுக்குள் சொட்டியது. இடது கை தோளிலிருந்து கனத்தது. நான் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன்.

சீலை விலகியது. மாமி வெளியே வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"மருமகன், நெஞ்சு நோகுதா?"

"கேஸ் மாமி. கொஞ்சம் படுத்தாச் சரியாகும்."

"படுக்கப்படாது. எழும்புங்க."

"இல்ல மாமி, அவ வரட்டும்..."

"எழும்புங்க எண்டு சொன்னன்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கழுவாத கையோடு எழும்பினேன். மாமி முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினார். சந்தைக்குப் போவதற்கும் மகளைத் துணைக்குக் கூப்பிடுகிற மனுசி, நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் விரித்து ஒரு ஓட்டோவை மறித்தார். உள்ளே ஆள் இருந்தது. அவரை இறக்கிவிட்டார். என்ன சொல்லி இறக்கினார் என்று தெரியாது. அந்த மனிதர் என்னைத் தூக்கி ஏற்றவும் உதவி செய்தார். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்காக நான் துஆ செய்யாத நாள் இல்லை.

ஓட்டோவில் மாமி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அவருடைய உள்ளங்கையில் மஞ்சளும் எண்ணெயும் பிசுபிசுத்தன. ஓதிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திச் சொன்னார்.

"உங்கட மாமாவும் கேஸ் எண்டுதான் சொன்னார். கொஞ்சம் படுத்தாச் சரியாகும் எண்டு இதே சொல்லுத்தான் சொன்னார். நானும் இஞ்சி இடிச்சுக் குடுத்துப்போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தன். கையத் தேய்ச்சார். வேர்த்துக் கொட்டிச்சு. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்ல முந்தி எல்லாம் முடிஞ்சு போச்சு."

பிறகு ஓட்டோக்காரனை அவசரப்படுத்தி "கெதியா மகன், கெதியா" என்றார்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பேச்சு வரவில்லை. தாதிக்கு மாமிதான் பதில் சொன்னார். "காலையில இரிந்து நோகுது. வேர்க்குது. இடது கையும் நோகுது." காலையிலிருந்து நோவென்று ஓட்டோவில் முனகியிருந்தேன்; கை நோவைப் பற்றி நான் அவரிடம் சொல்லவேயில்லை. வயரெல்லாம் ஒட்டி ஈ.சி.ஜி எடுத்தார்கள். மாரடைப்பு என்றார்கள். சில குளிசைகளை மென்று விழுங்கச் சொன்னார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். மனைவி பாடசாலையிலிருந்து ஓடி வந்தபோது நெஞ்சுப் பாரம் இறங்கத் தொடங்கியிருந்தது. அங்கிருந்த டொக்டர் அவளிடம், "உங்கட உம்மா நேரத்துக்குக் கொண்டு வந்தது பெரிய விசயம். வீட்டில படுக்க வைச்சிருந்தால் கதை வேற" என்றார்.

மனைவி திரும்பித் தாயைப் பார்த்தாள். மாமி சுவரோடு சாய்ந்து நின்று, காலில் செருப்பு இல்லாததை அப்போதுதான் கவனித்தவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்புலன்ஸில் மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். அங்கே கையில் உள்ள இரத்த நாளம் வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்து, அடைத்திருந்த இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். திரையில் என் இருதயத்தின் குழாய்கள் மரவேர் போலத் தெரிந்தன. ஒரு வேர் நடுவில் மெலிந்து நூலாய்ப் போயிருந்தது. சற்று நேரத்தில் அது தடித்து நிறைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாய் திறந்தேன். பக்கத்தில் நின்ற தாதி, "கதைக்க வேண்டாம், பேசாமல் படுங்கோ" என்றார். மனதுக்குள் சொன்னேன்.

மறுநாள் மனைவியும் மாமியும் என்னைப் பார்க்க வந்தார்கள். மாமியின் கையில் அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டி. விடியற்காலையில் எழும்பிச் சமைத்திருக்கிறார். நோயில் கிடக்கிற உடம்புக்குத் தெம்பு வேண்டும் என்று தன் கையிருப்பில் ஆகச் சிறந்ததைக் கொண்டு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து டொக்டரும் வந்தார். இளம் பெண், பேச்சில் யாழ்ப்பாணத்துச் சாயல்.

"என்ன அம்மா கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டு மூடியைத் திறந்தார். மேல் தட்டில் நெய்ச்சோறு. கீழ்த் தட்டில் பொரித்த கோழி. வார்ட் முழுக்க வாசம் பரவியது. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல வாசமா இருக்கு. ஆர் சமைச்சது?"

"நான்தான்" என்றார் மாமி. முகம் மலர்ந்திருந்தது.

டொக்டர் மூடியை மெதுவாகப் போட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அந்தப் பொறுமையை நான் மறக்கமாட்டேன். ஏசவில்லை. பயமுறுத்தவில்லை. வீட்டில் என்னென்ன சமைக்கிறோம், எந்த எண்ணெய், பொரித்த எண்ணெயை என்ன செய்கிறோம் என்று கேட்டார். மாமி எல்லாவற்றுக்கும் பெருமையோடு பதில் சொன்னார். பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடித்து அடுத்த நாளுக்கும் வைப்பதையும் சொன்னார்.

"அம்மா, நெய், இறைச்சிக் கொழுப்பு, தேங்காய் எண்ணெய், இதுகளில இருக்கிற கொழுப்பு இரத்தத்தில கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். பேக்கரிச் சாமானுக்குப் போடுற கட்டி மாஜரின் அதைவிட மோசம். திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெயும் கூடாது. கூடின கொலஸ்ட்ரோல் கொஞ்சம் கொஞ்சமா இருதயக் குழாயின்ர சுவரில படியும். ஒரு நாளில வாறது இல்லை. வருசக்கணக்கில வாறது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "சாப்பாடு மட்டும் காரணம் எண்டும் இல்லை. சிகரெட் பிடிக்கிறனீங்கள். நடக்கிறதே இல்லை. குடும்பத்திலயும் இருக்கலாம்."

என்ன சாப்பிடலாம் என்று மனைவி கேட்டாள். மீன் தாராளமாகச் சாப்பிடலாம், பொரிக்காமல். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய் போன்றவை பரவாயில்லை, ஆனால் அதுவும் அளவோடு. மரக்கறி, கீரை, பருப்பு, கச்சான் கடலை ஒரு கைப்பிடி. உப்பைக் குறைக்க வேண்டும். சிகரெட்டைத் தொடவே கூடாது. குளிசையை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. மனைவி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். மாமி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிப் பிடித்திருந்தார். போகும்போது அதைத் திறக்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, மாமி சமைப்பதை விட்டுவிட்டார் என்று. அடுப்படிப் பக்கமே போகவில்லை. மனைவி பாடசாலைக்குப் போக முதல் அவசரமாக அவித்து வைத்துவிட்டுப் போவாள். அவித்த கோழி, அவித்த போஞ்சிக்காய், உப்பில்லாத பருப்பு. பாவம், அவளால் முடிந்தது அவ்வளவுதான். பீங்கானைப் பார்க்கும்போதே எனக்கு மறுபடியும் வார்ட் ஞாபகம் வரும். பாதி சாப்பிட்டு எழும்பிவிடுவேன். மாமி தன் அறையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இருப்பார். வீட்டில் தாளிக்கும் சத்தம் இல்லாமல் போனது. உடம்பு நன்றாக இருந்தும் மனம் விழுந்து கிடந்தது.

ஒரு நாள் முன் அறையில் படுத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் மாமியைப் பார்க்க வந்திருந்தார். நான் தூங்குகிறேன் என்று நினைத்து இரண்டு பேரும் கதைத்தார்கள்.

"ஏன்கா நீங்க சமைக்கிறல்ல? புள்ள தனியக் கிடந்து படுறாளே."

"இந்தக் கையாலதான் எல்லாம் வந்த. ஒரு மனுசன முந்தியே அனுப்பிப்போட்டன். இவரையும் அனுப்பப் பாத்தன். நல்லது எண்டு நினைச்சு நஞ்சக் குடுத்திரிக்கன்கா."

எனக்குப் படுத்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் போகும்வரை காத்திருந்தேன். பிறகு எழும்பி மாமியின் அறை வாசலில் போய் நின்றேன். அவ்வளவு வருடத்தில் நான் அந்த வாசலில் நின்றது அதுதான் முதல் தடவை. என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை.

"மாமி, டொக்டர் சொன்னது உங்களுக்குக் கேட்டதா? நேரத்துக்குக் கொண்டு வந்ததாலதான் நான் தப்பின எண்டு சொன்னாங்க."

மாமி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சிகரெட் பத்தினது நான். நடக்காம இரிந்தது நான். நீங்க எனக்கு ஒண்டும் செய்யல்ல. நீங்க சோறு தந்தீங்க. பேந்து உசிரையும் ஹயாத்தையும் அல்லாஹ் உங்கட கையால தந்தான். இப்ப பசியில கிடக்கன் மாமி. அவள்ற போஞ்சிய என்னால தின்ன ஏலாது."

கடைசிச் சொல்லுக்கு அவர் உதடு கொஞ்சம் நெளிந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த டொக்டர் புள்ள என்னென்ன சொன்னா? எனக்கு அண்டைக்குக் காது அடைச்சுப் போச்சு. முழுக்கச் சொல்லுங்க."

நான் அறை வாசலில் நிலத்திலேயே இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நடுநடுவே கேள்வி கேட்டார். பொரிக்காமல் மீனின் கவுச்சியை எப்படி எடுப்பது? தேங்காய்ப் பாலும் கூடாதா, அல்லது எண்ணெய் மட்டுந்தானா? இறைச்சி வேண்டவே வேண்டாமா, கொழுப்பை வெட்டிவிட்டால் போதுமா? பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "அடுத்த கிளினிக்குக்கு நானும் வாறன்" என்றார்.

அடுத்த நாள் காலை குளிர்சாதனப் பெட்டியைத் திறந்த மகள் என்னைக் கூப்பிட்டாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், கம்பஸ் விடுமுறையில் வந்திருந்தாள். உள்ளே தேநீர்க் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் நெய், ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் உருக்கிய மாட்டுக் கொழுப்பு, இன்னும் நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய். மாமி இரவு படுக்க முதல் வைத்திருக்கிறார். கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாகக் குத்திக் காட்டினார். நெய்யும் தேங்காய் எண்ணெயும் கல்லாய் இருந்தன. மாட்டுக் கொழுப்பில் கரண்டி இறங்கவேயில்லை. மற்ற இரண்டும் ஊற்றினால் ஓடின.

"பாருங்க மருமகன். உங்கட நெஞ்சுக்க இதத்தான் அடைச்சு வைச்சிரிக்கன்."

கிளினிக்கில் இதை அப்படியே டொக்டரிடம் சொன்னார். டொக்டர் சிரித்துவிட்டார். "அம்மா, குழாய்க்குள்ள அப்படியே போய் உறையிறது இல்லை. உடம்புக்கு இவ்வளவு சூடு இருக்கே. இந்தக் கொழுப்பு கூடினா ஈரல் கெட்ட கொலஸ்ட்ரோலை இரத்தத்தில கூட விட்டுவிடும். அதுதான் படியிறது. ஆனால் நீங்கள் பிரிச்ச விதம் சரி. உறையிறதைக் குறையுங்கோ. ஓடுறதை அளவாப் பாவியுங்கோ." அந்தச் சொல்லை மாமி பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் கடையில் புதுப் போத்தல் வாங்கினால் முதலில் கேட்பது, "இது உறையிறதா, ஓடுறதா?"

அதற்குப் பிறகு குசினியில் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு மருந்தாக இருந்தது. எண்ணெய்ப் போத்தலின் மூடியில் ஊசியைச் சூடாக்கி ஒரு துளை போட்டார். கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மகள் ஒட்டாத வாணலித் தாச்சி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். மாமி அதை இரும்பு அகப்பையால் சுரண்டி ஒரே கிழமையில் நாசமாக்கினார். இன்னொன்று வாங்கி, மரக் கரண்டியை அதோடு நூலால் கட்டியே கொடுத்தாள். எண்ணெய் இல்லாமல் வாட்டிய முதல் மீன் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தது. நான் பேசாமல் சாப்பிட்டேன். "நல்லாரிக்கா?" என்று கேட்டார். "பரவாயில்ல மாமி" என்றேன். அவரும் ஒரு துண்டு வாயில் வைத்துப் பார்த்துவிட்டு என் பீங்கானை எடுத்துக்கொண்டு போய்ப் பூனைக்கு வைத்தார்.

பிறகு வாழை இலை வந்தது. மிளகும் மஞ்சளும் புளியும் பிசறி இலையில் சுற்றி, தாச்சியில் மூடிபோட்டு மெல்லிய நெருப்பில் வேகவைப்பார். இலையைப் பிரிக்கும்போது வரும் ஆவிக்கே பசி எடுக்கும். சின்னக் கீரி மீனில் புளியாணம் வைத்தார். தேங்காயும் இல்லை, எண்ணெயும் இல்லை. வெங்காயமும் உறைக்கிற பச்சைக் கொச்சிக்காயும் பழப்புளியும்தான். எங்கள் ஊர்களில் எப்போதும் இருந்த கறிதான் அது. மருமகனுக்கு வைப்பதற்கு அது மரியாதைக் குறைவு என்று இத்தனை வருடமும் என் பீங்கானுக்கு வராமல் இருந்திருக்கிறது. இறைச்சி எப்போதாவதுதான். கொழுப்பை வெட்டி எறிந்து, அவித்து, ஆறவைத்து, மேலே படிந்த வெள்ளையை வழித்துக் கொட்டிவிட்டுத்தான் கறியாக்குவார். கீரைச் சுண்டலுக்குத் துருவிய தேங்காய்ப்பூ ஒரு பிடி. அதற்கு டொக்டர் தடை சொல்லவில்லை.

போன் கடைக் கூட்டாளி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். தேங்காய் எண்ணெய் ஒரு போத்தலோடு வந்தார். போனில் யாரோ சொல்கிற வீடியோவைக் காட்டினார். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடித்தால் அடைப்பு எல்லாம் கரைந்து போகுமாம். குளிசையும் தேவையில்லையாம்.

"நம்மட சாமான் மச்சான். நம்மட ஆக்கள் காலங்காலமாத் திண்டதுதானே."

அவர் என் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். நான் போத்தலை வாங்கி மேசையில் வைத்தேன். உள்ளேயிருந்து மாமி வந்தார். இப்போதெல்லாம் அவர் சீலைக்குப் பின்னால் நிற்பதில்லை.

"தம்பி, நாங்க கிளினிக்கில கேட்டுப் பாத்த. கறிக்குக் கொஞ்சம் போட்டா ஒண்டும் இல்லையாம். மருந்தாக் குடிக்க வேணாமாம். குளிசைய நிப்பாட்டினா அந்த ஸ்டென்டும் அடைச்சுப் போகுமாம். நீங்க கொண்டு வந்தத நான் தலைக்கு வைக்கன். சந்தோசம்."

கூட்டாளி சிரித்தார். அடுத்த மாதம் அவரையும் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி வைத்தது மாமிதான். அவருக்குக் கொலஸ்ட்ரோல் கூடியிருந்தது. இப்போது அவரும் குளிசை போடுகிறார்.

இந்தக் கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருப்பேனோ தெரியாது. இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது.

ஒரு பகல், கடையில் ஆள் இல்லாததால் நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். மாமி குசினியில் தனியே பலகையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகன் மீன் பொரியல் கேட்டு அடம்பிடித்திருந்தான். அவனுக்கென்று பொரித்துக் கொடுத்திருக்கிறார். பொரித்த தாச்சி மாமியின் மடியில் இருந்தது. அதற்குள் சோற்றைப் போட்டு, அடியில் கிடந்த எண்ணெயும் கருகிய கசறும் எல்லாம் ஒட்டும்படி பிரட்டிப் பிரட்டி, அதிலிருந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாமி செய்றீங்க?"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "வீணாப் போகுமே மருமகன். இவ்வளவு எண்ணெயும் கொட்டுறதா?"

"எப்பவும் இப்படித்தான் சாப்பிடுறீங்களா?"

"வேற எப்படி? எல்லாருக்கும் வைச்சுப்போட்டு, கடைசியாத் தாச்சியில பிரட்டித் திண்டாத்தான் எனக்குத் திண்ட மாதிரி. உங்கட மாமா இரிக்கக்குள்ளயே அப்படித்தான்."

நான் அங்கேயே நின்றேன். எங்கள் எல்லோருடைய பீங்கானிலும் விழுந்ததற்கு மேலே, மிஞ்சியது எல்லாம் இத்தனை வருடமும் இந்த ஒரு மனுசியின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. கிளினிக்குக்கு என்னோடு வந்து இத்தனை கேள்வி கேட்டவர், ஒரு தடவையும் தனக்காக ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவுமில்லை.

அதற்குப் பிறகு அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். கிணற்றடியிலிருந்து வாளியைத் தூக்கி வரும்போது நடுவில் வைத்துவிட்டு நிற்பார். வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். ஒரு நாள் நெஞ்சில் கையை வைத்து அழுத்துவதைக் கண்டேன்.

"மாமி, நெஞ்சு நோகுதா?"

"நோ எண்டில்ல. இறுக்கிற மாதிரி. கொஞ்சம் இரிந்தாச் சரியாகும்."

"எழும்புங்க மாமி. போவம்."

"சும்மா இரிங்க மருமகன். வயசாப் போச்சு, அதான்."

"நீங்க என்னை விட்டீங்களா?"

மாமி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

பரிசோதனைகள் எல்லாம் எடுத்தார்கள். பிரஷர் கூடுதல். கொலஸ்ட்ரோல் என்னுடையதை விடக் கூடுதல். இருதயக் குழாய்களில் ஒடுக்கம் இருக்கிறது, ஆனால் இன்னும் மாரடைப்பு வரவில்லை என்றார்கள். ஸ்டென்ட் இப்போதைக்குத் தேவையில்லை; குளிசையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மெதுவான நடையும் போதும். அதே யாழ்ப்பாணத்து டொக்டர்தான். மாமியின் கையைப் பிடித்துச் சொன்னார்: "நல்ல நேரத்தில வந்திட்டீங்கள் அம்மா."

அந்தச் சொல் இந்தத் தடவை மாமியின் காதில் விழுந்தது. முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து மருந்து கொடுக்கும் இடத்தில் மர வாங்கு ஒன்றில் இரண்டு பேரும் இருந்தோம். கையில் கிடைத்த குளிசைப் பக்கற்றுகளைப் பிரித்துப் பார்த்தார்.

"இது உங்கட குளிசைதானே?"

"ஓம் மாமி. ராவைக்குப் போடுறது."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒண்டாத்தான் ஞாபகம் வரும்" என்றார். பக்கற்றை மடித்துக்கொண்டே சொன்னார். "உங்கட மாமாவுக்கு இப்படி ஒரு குளிசை கிடைக்கல்ல."

அந்த மனிதரை நான் கண்டதில்லை. ஆனால் அவருடைய மௌத்தில் இருந்து மாமி கண்டு வைத்திருந்த அந்த அடையாளங்கள்தான் என்னைக் காப்பாற்றின. இதை நினைக்கும்போது, காணாத அந்த மாமாவுக்கும் நான் கடமைப்பட்டவனாக உணர்கிறேன். ஜும்ஆ முடிந்து அவர் அடங்கியிருக்கும் மையவாடியைக் கடக்கும்போது அவருக்கு ஒரு சலாம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

இப்போது விடியற்காலைச் சுபஹ் தொழுகைக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் கடற்கரைக்கு நடந்து போகிறோம். மனைவி முன்னால் வேகமாகப் போவாள். மாமியும் நானும் பின்னால் ஆறுதலாக, மெல்ல வருவோம். தோணிகள் கரைக்கு வரும் நேரம். கீரி மீன் இருந்தால் மாமி அங்கேயே வாங்கிவிடுவார். பெரிய பாரை கிடந்தால் ஒரு பார்வை பார்ப்பார், எனக்கும் நாக்கில் ஊறும். பொய் சொல்லி என்ன? பொரித்த பாரையின் ருசியை எனக்கு இன்னும் மறக்க முடியவில்லை. பெருநாளைக்கு ஒரு துண்டு, புது எண்ணெயில் பொரித்தது, இரண்டு பேருக்கும் உண்டு. அதை டொக்டரிடம் சொல்லி அனுமதி வாங்கியதும் மாமிதான்.

வீட்டில் ஒரு சட்டத்தை மட்டும் நான் பிடிவாதமாகக் கொண்டு வந்தேன். மாமி கடைசியாகச் சாப்பிடக்கூடாது. எங்களோடு மேசையில் இருந்து, தன் பீங்கானில் போட்டுச் சாப்பிட வேண்டும். முதலில் வெட்கப்பட்டார். மருமகனுக்கு முன்னால் வாயைத் திறந்து சோறு தின்ன எப்படி என்று மகளிடம் முறைப்பட்டார். சுவர்ப் பக்கம் திரும்பி இருந்து சாப்பிட்டார். கொஞ்ச நாளில் பழகிப்போனது. நேற்றுப் பகல் மனைவி புளியாணம் வைத்திருந்தாள். மாமி ஒரு வாய் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உப்புக் குறைவா, இல்லாட்டி எனக்கு நாக்குச் செத்துப் போச்சா?"

"குறைவுதான் மாமி."

"அப்ப சரி" என்றார். இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.